வெளுக்காத குப்பி

எங்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் ஐந்து விதிகள் இருக்கும். நான்காவது விதி, 'குப்பியின் மேல் மார்க்கரால் பெயர் எழுதினால் போதாது. எழுத்தின் மேல் டேப் ஒட்ட வேண்டும்' என்பது. கண்ணில் புரை விழுந்து நான் வேலையை விட்டு விலகுவதற்குச் சில நாள் முன்பு, புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர் அந்தப் பலகையின் முன் நின்றிருந்தார்கள். பெயரை அச்சடித்துத் தரும் சின்ன இயந்திரம் வந்துவிட்டது, இனி இந்த விதி எதற்கு என்றாள் ஒருத்தி.

"அதெல்லாம் ஃபாரின் ரூல்டி. எடுக்க மாட்டாங்க" என்றாள் மற்றவள்.

பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விதி ஃபாரினிலிருந்து வரவில்லை. என் ஊர் வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்தது. அது வந்ததற்குக் காரணம் நான். ஆனால் வாயைத் திறந்து அதைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட, வேறு யாராவது விசில் கொடுக்கச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்குகிற ஆள் நான். எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

படிப்பு ஐந்தாவதோடு நின்றது. தண்டலம் பக்கம் ஒரு சோடா கம்பெனியில் பதினெட்டு வருடம் பாட்டில் கழுவினேன். அது மூடியதும், ஒரகடம் சாலையில் புதிதாக வந்த மருந்து ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் என்று நினைக்கிறேன். கார் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. சாலையை அகலப்படுத்த இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஆய்வகம் மட்டும் பெரிய கம்பெனிகளுக்கு நடுவே தீப்பெட்டி மாதிரி இருந்தது. மற்ற மருந்துக் கம்பெனிகள் கொடுக்கிற பொருளை மனித செல்களின் மேல் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறதா இல்லையா என்று அறிக்கை கொடுப்பதுதான் இங்கே தொழில். செல் வளர்க்கிற இடத்தில் வேலை என்று வீட்டில் சொன்னேன். என் மைத்துனன் கேமரா வைத்த செல்லாக ஒன்று எடுத்து வரச் சொன்னான்.

மனித செல் என்றால் பயப்பட வேண்டாம். எப்போதோ யாரோ ஒருவரின் நுரையீரலிலிருந்து எடுத்து, அன்றிலிருந்து வளர்த்துப் பெருக்கி வருகிறார்கள். குழந்தையின் உடம்புச் சூட்டில் ஒரு பெட்டி. அதற்குள் தட்டு நிறையச் சிறு குழிகள். குழிக்குள் சிவப்புச் சத்துத் தண்ணீர். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத அவர்கள். ஒரு கிருமி போனால் தட்டு மொத்தமும் கெட்டுவிடும். அதனால் அந்த அறைக்குள் எது போனாலும், யார் கை போனாலும், ஸ்பிரிட் அடித்துத் துடைத்துவிட்டுத்தான் போகும். துடைப்பது என் வேலை. சோடா கம்பெனிப் பழக்கம், நான் துடைத்தால் அழுத்தித்தான் துடைப்பேன்.

எங்கள் தலைமை டாக்டர் வசுமதி மேடம். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கர்யக் குடும்பம். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து தட்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்து, "குட் மார்னிங்" என்பார். எங்களுக்கு இல்லை, செல்களுக்கு. எங்கள் முறை பிறகுதான் வரும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதட்டுவதற்குப் பதிலாக அவரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. நீங்கள் ஏதாவது சொல்லி முடிப்பீர்கள். பேனா மூடியை ஒருமுறை டக்கென்று அழுத்திவிட்டு, "அப்புறம்?" என்பார். அப்புறம் எதுவும் இல்லையே என்று நினைப்பீர்கள். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசியில் நீங்கள் பத்தாவது வகுப்பில் காப்பி அடித்தது வரைக்கும் சொல்லிவிடுவீர்கள். பிஎச்.டி படித்தவர்களே அவர் அறையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தால் வியர்த்துப் போவார்கள். என்னைப் போன்றவன் அந்த அறைப் பக்கமே போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

அவரிடம் இன்னொரு ஆயுதம் மூக்கு. அதைச் சொல்ல வேண்டுமானால் பூண்டுத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதன் சரியான பெயர் டைமெத்தில் சல்பாக்சைடு. ஆய்வகத்தில் எல்லோரும் டி.எம்.எஸ்.ஓ. என்பார்கள். ஒவ்வொரு ஆய்வகத்திலும் உப்பு, சர்க்கரை மாதிரி கிடக்கிற சாமான். தண்ணீரில் கரையாத மருந்துப் பொடிகள் இதில் கரையும். செல்களை உறைய வைத்துப் பத்திரப்படுத்துவதற்கும் இதைத்தான் கலப்பார்கள். பார்வைக்கு நிறமில்லாத வெறும் தண்ணீர். ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டினால் பாட்டிலோடு கட்டியாகிவிடும். வெந்நீரில் வைத்து இளக வைப்பேன். ஆனால் அதன் குறும்பு வேறு. கையில் பட்டால் தோல் வழியாக உள்ளே போய்விடும். கொஞ்ச நேரத்தில் வாய்க்குள் பூண்டு மணக்கும். பூண்டைத் தின்ன வேண்டாம், தொட வேண்டாம், மூச்செல்லாம் பூண்டு. அதனால்தான் நான் அதற்குப் பூண்டுத் தண்ணி என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயர் மட்டும் ஆய்வகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை கிளவுஸ் கிழிந்தது தெரியாமல் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி குப்பம்மாள் சாதம் போட வந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இன்னாய்யா, வாசன தூக்குது? எந்தப் பிரியாணிக் கடையில குந்திகினு வந்த?"

"ஒண்ணும் துன்னல."

"பெருமாளுக்குத் தளிக போட்டுட்டு நான் இங்க பட்டினியா கீறேன். நீ நல்லா துன்னுட்டு வந்து துன்னலன்னு சொல்ற. ஊது."

ஊதினேன். அன்றிலிருந்து மூன்று நாள் எனக்கு ரசம் மட்டும்தான்.

மேடம் வீட்டில் பூண்டு சேர்ப்பதே இல்லை. அதனால் அந்த வாடை அவருக்கு வராந்தாக் கோடியிலேயே தெரியும். "யார் கிளவுஸ் கிழிஞ்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாரிசெல்வம் என்று ஒருவர் எங்களிடம் ஆராய்ச்சி வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைப்பாக்கத்தில் கார் கம்பெனிப் பையன்கள் ஆறு பேரோடு ஒரே அறையில் குடியிருந்தார். ஷிப்ட் முறையில் பாய் கிடைக்கும் என்பார். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டு, நான் பதில் பேசாவிட்டாலும் என்னோடு ஓயாமல் பேசியவர் அவர் ஒருவர்தான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்தவர். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. கையில் இருந்த ஆய்வு நன்றாக முடிந்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் ஊருக்கு பஸ்.

ஒரு கம்பெனி மூட்டுவலி மாத்திரைக்காக வெள்ளைப் பொடி ஒன்று கொடுத்திருந்தது. ஏதோ மரப்பட்டையிலிருந்து எடுத்ததாம். அது செல்களை எரிச்சலிலிருந்தும் வீக்கத்திலிருந்தும் காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டில் முதல் வரிசைக் குழிகளில் செல்கள் மட்டும். இரண்டாவது வரிசைக்கு பெராக்சைடு, புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே அதுதான். மூன்றாவது வரிசைக்கு மருந்தும் பெராக்சைடும். ஒரு சாயம் போட்டுப் பார்த்தால், வெந்துபோன செல் பச்சையாக ஒளிரும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு சேதம். வீக்கத்துக்கு இன்னொரு தட்டு. அங்கே கிருமியின் ஓட்டுத் துணுக்கைப் போட்டுச் செல்களைச் சீண்டிவிடுவார்கள். அவை கத்துகிற கத்தலை மஞ்சள் நிறமாக மாற்றி அளப்பார்கள்.

இரண்டு தடவை செய்து பார்த்தாயிற்று. மருந்து போட்ட வரிசையில் பச்சையும் மங்கல், மஞ்சளும் வெளிறல். மூன்றாவது தடவையும் அப்படியே வந்தால் அறிக்கை போய்விடும். சனிக்கிழமை மாலை கூரியர்.

மூன்றாவது தடவைக்கான வியாழக்கிழமையன்று, மாரிசெல்வம் சொன்ன இரண்டு குப்பிகளை ஒரே கையில் எடுத்து ஸ்பிரிட் அடித்தேன். ஒன்று, பூண்டுத் தண்ணீரில் கரைத்த மருந்து. இன்னொன்று, அடுத்த வாரம் செல்களை உறைய வைப்பதற்கான வெறும் பூண்டுத் தண்ணீர். என் வழக்கப்படி அழுத்தித் துடைத்தேன். துடைத்த தாளைப் பார்த்தால் நீலமாக மை. குப்பிகளைப் பார்த்தால் இரண்டும் பிறந்த மேனியாக நிற்கின்றன. ஒரே அளவு, ஒரே மூடி, உள்ளே ஒரே நிறமில்லாத தண்ணீர்.

வெளியே வந்து, "தம்பி, பேரு அழிஞ்சி போச்சி" என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு சொல்தான். நான் சொல்லவில்லை. வலது பக்கம் இருந்ததுதான் மருந்து என்று மனசு சொன்னது. மார்க்கரை எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, வரையத் தெரியும். வயிறு தள்ளிய எழுத்து, இரட்டைக் கூரை வீடு, பாம்பு, கோலிக்குண்டு: இது பூண்டுத் தண்ணி. மருந்தின் பெயர் சுவரில் ஒட்டிய தாளில் நீளமாக இருந்தது. பார்த்து வரைந்தேன். மாரிசெல்வத்தின் எழுத்து வலப்பக்கம் சாயும். அவரைவிட அழகாகவே சாய்த்தேன்.

"அண்ணாச்சி, ஒங்க கை பட்டா குப்பிகூட மினுங்குதே" என்று வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் முடிவு வந்தது. முந்தைய இரண்டு தடவை போலவே மூன்றாவது வரிசை மங்கல். மாரிசெல்வம் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். எனக்கு இரண்டு. வலது பக்கம் சரிதான் என்று நிம்மதியாக ஒரு ஜாங்கிரியைத் தின்றுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

அந்தப் பொடிக்குத் தண்ணீர் ஆகாது. மருந்துக் குப்பியைக் கழுவும் தொட்டியில் பிடித்தால், அடியில் ஒட்டியிருக்கிற ஒரு சொட்டு தண்ணீரைக் கண்டதும் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுக்கும். ஒரு மாதமாகப் பார்த்து வருகிறேன். படித்தவர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் குப்பி கழுவுவதில்லையே. அன்று மருந்து என்று நான் எழுதிய குப்பியில் தண்ணீரைப் பிடித்தேன். வெளுக்கவில்லை. ஆட்டிப் பார்த்தேன், கண்ணாடி போல் இருந்தது. வெறும் பூண்டுத் தண்ணி என்று நான் எழுதி வைத்த குப்பியிலிருந்து ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். பால்.

மருந்தே போடாத தட்டுக்கு மருந்து வேலை செய்திருக்கிறது!

அன்று மாலை வீட்டில் குப்பம்மாள் முழங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யோவ், மூட்டு மாத்திர ஒண்ணு செய்யறாங்கன்னியே, ஜெயிச்சிடுச்சா?"

"ம்."

"அது கடைக்கு வந்தா எனக்கு ரெண்டு அட்ட வாங்கியாந்துடு. மாடி ஏறவே முடில."

நான் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. மாரிசெல்வத்துக்கு வேலை நிரந்தரம். எனக்கும் வம்பில்லை. இவள் மட்டும், இவளைப் போல ஊரில் இருக்கிற முழங்கால்காரிகள் மட்டும், ஒன்றுக்கும் உதவாத பொடியை விழுங்கிக்கொண்டு மாடி ஏறப் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போனேன். வாயால் சொல்ல முடியாததைக் கண்ணால் காட்டிவிடலாம் என்று திட்டம். இரண்டு கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு குப்பியிலும் இருந்ததில் சில சொட்டு விட்டு, ஒன்று வெள்ளையாக, ஒன்று தெளிவாக, முன்னால் அந்தந்தக் குப்பியோடு மாரிசெல்வத்தின் மேசையில் வைத்தேன். படித்த மனிதர், பார்த்ததும் புரியும். திரைக்குப் பின்னால் நின்றேன்.

மாரிசெல்வம் வந்தார். "எவம்ல எம் மேசைல மோர் வச்சது? பக்கத்துல தண்ணி வேற!" என்று இரண்டையும் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டினார். திரும்பி வந்து என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, இன்னைக்கு மேடம் கையெழுத்துப் போட்டுட்டா நம்ம சோலி முடிஞ்சுது. அம்மைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், பெர்மனென்ட் ஆயிட்டேன்னு. தெரு பூரா சொல்லிட்டாவளாம்."

அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? பாக்கெட்டில் மிச்சம் வைத்திருந்த ஒரு ஜாங்கிரியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வராந்தாவில் மேடம் எதிரே வந்தார். என்னைத் தாண்டிப் போனவர் நின்றார். மூக்கு ஒருமுறை சுருங்கியது.

"கன்னியப்பன், கிளவுஸ் கிழிஞ்சிருக்கா?"

கையைப் பார்த்தேன். காலையில் அவசரத்தில் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை. "ஆமா மேடம்."

"இன்னைக்கு டி.எம்.எஸ்.ஓ. வேலையே இல்லையே. உள்ள வாங்க."

அந்த நாற்காலியில் முதல் தடவை உட்கார்ந்தேன். நுனியில்தான்.

"குப்பி கழுவினேன் மேடம்."

டக். "அப்புறம்?"

"வெளுக்கல மேடம்."

டக். "அப்புறம்?"

அப்புறம் எல்லாம் வந்துவிட்டது. ஸ்பிரிட், நீல மை, பாம்பு, கோலிக்குண்டு, மோர். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்துப் புதைத்தது, அது எந்த வேப்பமரத்தடியில் என்பது உட்பட. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். அறை முழுக்கப் பூண்டு வாடை. மேடம் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "அப்போ அந்த செல்களைக் காப்பாத்தினது யாரு?" என்றார். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார்.

மாரிசெல்வத்தைக் கூப்பிட்டு, குப்பி மாறியதைச் சொன்னார். வெறும் பூண்டுத் தண்ணீருக்குத் தனியாக ஒரு வரிசை வைத்தீர்களா என்று கேட்டார்.

"ஆரம்பத்துலயே பாத்தாச்சு மேடம். ஒண்ணும் செய்யல."

"அப்போ எவ்வளவு போட்டீங்க?"

"ஆயிரத்துல ஒரு பங்கு."

"இப்போ?"

மாரிசெல்வத்தின் குரல் இறங்கியது. "பொடி சரியாக் கரையலன்னு... நூத்துல ரெண்டு பங்கு."

இருபது மடங்கு! கூட்டிய பிறகு அவர் மறுபடி சோதிக்கவில்லை. அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ரெண்டு நாளா ஒங்க கூடத்தானே டீ குடிச்சேன்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?" எனக்குத் தரையில் ஓடு எத்தனை என்று எண்ணத்தான் முடிந்தது.

கூரியர் போகவில்லை. மேடம் தானே கோட்டை மாட்டிக்கொண்டார். சனிக்கிழமை செல்களைப் பரப்பினார். ஞாயிறன்று கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்து மருந்து போட்டார். இந்தத் தடவை ஐந்து வரிசை. முதல் மூன்றும் பழையபடி. நான்காவதில் மருந்தில்லாமல், பெராக்சைடோடு நூற்றுக்கு இரண்டு பங்கு பூண்டுத் தண்ணீர் மட்டும். ஐந்தாவதில் மருந்தும் பெராக்சைடும், ஆனால் பூண்டுத் தண்ணீர் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள், அதில் எவ்வளவு கரைந்ததோ அவ்வளவு. ஒவ்வொரு குப்பியையும் நான் துடைத்துக் கொடுக்க, அதன்மேல் அவரே பெயர் எழுதி, எழுத்தின் மேல் டேப் ஒட்டினார். "இதை இப்போ அழுத்தித் துடைங்க" என்றார். துடைத்தேன். பெயர் அசையவில்லை.

திங்கட்கிழமை இருட்டறையில் நுண்ணோக்கி முன் மேடம் உட்கார்ந்தார். ஐந்து வரிசையும் பார்த்தார். எழுந்து, "நீங்க பாருங்க கன்னியப்பன்" என்றார். அவ்வளவு காலம் அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறேன், உள்ளே பார்த்ததில்லை. முதல் வரிசையில் கருப்பு, அங்கங்கே மினுமினுப்பு. இரண்டாவதில் திருவிழா சீரியல் பல்பு போல எங்கும் பச்சை. மூன்றாவதில் விளக்கைப் பாதிக்கு அணைத்தாற்போல். நான்காவதிலும் அப்படியே, மயிரிழை வித்தியாசம் இல்லை. ஐந்தாவது, மருந்து இருந்த வரிசை, மறுபடியும் திருவிழா.

மதியம் மஞ்சள் தட்டும் அதையே சொன்னது. பொடி ஒன்றும் செய்யவில்லை. அதைச் சுமந்துவந்த பூண்டுத் தண்ணீர்தான் எரிச்சலையும் அடக்கியிருக்கிறது, வீக்கத்தையும் அடக்கியிருக்கிறது. ஒரு மாதமாக கார் ஓட்டிவந்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு பின்சீட்டில் இருந்தவனுக்கு மாலை போட்டிருக்கிறோம்.

மாரிசெல்வம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் பழைய அறிக்கையைப் புரட்டினார். "எல்லா ஷீட்லயும் என் கையெழுத்தும் இருக்கு. நானும் கேட்கலை" என்று சொல்லிவிட்டு மேசையையே பார்த்தார். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே என் வாய் சொல்லிவிட்டது:

"அப்புறம்?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. கதவு எங்கே என்று பார்த்தேன். மேடம் நிமிர்ந்தார். பிறகு சிரித்தார், தோள் குலுங்க. குரலே உயர்த்தாத மனுஷி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அப்புறம்... நான் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்றேன். மாரிசெல்வம், நீங்க இந்தப் பூண்டுத் தண்ணியப் பத்தி எழுதுங்க. எந்த அளவு வரைக்கும் அது வாயை மூடிக்கிட்டு இருக்கும், எந்த அளவுக்கு மேல அது நமக்குப் பொய் சொல்லும்னு. எல்லா செல்லுக்கும்."

அந்தக் கம்பெனி திரும்ப வரவில்லை. மாரிசெல்வத்துக்கு நிரந்தரமும் உடனே வரவில்லை. ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். அவர் அம்மை தெருவுக்கு என்ன சொன்னார்களோ தெரியாது. என்னை மேடம் எதுவும் செய்யவில்லை, வேப்பமரத்தடியைத் தோண்டி உடைந்த கண்ணாடியை எடுத்துச் சரியான தொட்டியில் போடச் சொன்னதைத் தவிர. வீட்டில் குப்பம்மாளிடம், மாத்திரை வராது, வேலை செய்தது பூண்டுத் தண்ணிதான் என்றேன்.

"அப்ப அத ஒரு பாட்டில் எடுத்துனு வர்றதுதானே?" என்றாள் குப்பம்மாள்.

தட்டில் இருக்கிற செல் வேறு, மாடி ஏறுகிற முழங்கால் வேறு. மேலும் அது தோலில் இருக்கிற அழுக்கையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும் என்று மேடம் சொன்னதைச் சொன்னேன். "ஒனக்குக் குடுக்க மனசில்ல" என்று முடித்துவிட்டாள்.

மாரிசெல்வம் என்னோடு பேசவில்லை. பதினோரு நாள். பேசாமல் இருப்பது என் தொழில். ஆனால் இன்னொருவர் என்னிடம் பேசாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பூண்டுத் தண்ணீரைக் கால் பங்கு, அரைப் பங்கு, ஒரு பங்கு என்று அளந்து தட்டுத் தட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் குப்பிகளைத் துடைத்து, டேப்பைத் தடவிப் பார்த்து, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள் நான் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். திரும்பினேன். என் முகத்துக்கு நேரே குனிந்து, வாயைத் திறந்து, ஹா என்று ஊதினார்.

பூண்டு.

"கிளவுஸ் கிழிஞ்சிட்டு அண்ணாச்சி. மேடம் வர்ற நேரம். வாடை ரொம்பவா தெரியுது?"

"தெரியுது" என்றேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா? இப்பவே சொல்லிருங்க."

யோசித்தேன். "அந்த ஜாங்கிரி ஒண்ணு எனக்கு வரணும்."

அவர் சிரிக்கத் தொடங்குவதற்குள் வராந்தாக் கோடியிலிருந்து குரல் கேட்டது: "யார் கிளவுஸ் கிழிஞ்சிருக்கு?"

மாரிசெல்வம் என்னைப் பார்த்தார். நான் என் கிளவுஸின் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு முன்னால் போனேன்.